வெள்ளகோவிலுக்குப் போன லேப்டாப்

பொற்கொடி வேலை பார்த்த கம்பெனி கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர்கள், முதலாளியையும் சேர்த்து நான்கு ஆட்கள். ஒருவர் வெளியே போயிருந்தால்தான் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடைக்கும். அப்படி வெளியே போகிற ஆள் பெரும்பாலும் பொற்கொடிதான். விற்ற சாப்ட்வேர் ஒழுங்காக ஓடுகிறதா என்று மில்களுக்கும் தறிக்குடோன்களுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவள் தலையில் விழுந்திருந்தது. அவள் எம்.சி.ஏ. படித்தது புரோகிராம் எழுதத்தான். ஆனால் பஸ்ஸில் அலைய மற்ற இருவருக்கும் இஷ்டமில்லை. அவளுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை.

முதலாளி ஸ்ரீனிவாஸின் குடும்பம் தாத்தா காலத்தில் பருத்தி விதைத்தது, அப்பா சுந்தரராஜுலு காலத்தில் நூல் மில் வைத்தது. மகன் மில்லுக்கு வராமல் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துவதை அப்பா பொழுதுபோக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதனாலோ என்னவோ, தான் எழுதிய புரோகிராம்கள் மேல் ஸ்ரீனிவாஸுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. அவற்றில் மூத்தது ‘தறிக்கணக்கு’.

தறியில் ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடினால் அது ஒரு பிக். எத்தனை பிக் ஓடியதோ அதை வைத்துத்தான் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி. தறி அதிக நேரம் நின்றால் அதில் பிடித்தமும் உண்டு. ஒவ்வொரு தறியிலும் ஒரு சின்ன டப்பாவை மாட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டால், எந்தத் தறி எவ்வளவு ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்பது திரையில் வந்துவிடும். அதுதான் ‘தறிக்கணக்கு’. ஸ்ரீனிவாஸ் அதை டாஸில் எழுதியிருந்தார். பிறகு எல்லாரும் விண்டோஸ் கேட்கவே, அதையே எப்படியோ விண்டோஸுக்குள் திணித்து விற்றார்கள். வாங்கினவர்கள் அதே கம்ப்யூட்டரில் பில் போட்டார்கள், லெட்டர் அடித்தார்கள். இரண்டு மூன்று வேலை ஒன்றாக ஓடும்போது ‘தறிக்கணக்கு’ திணறியது. சில நேரம் அப்படியே உறைந்து நின்றது.

தொண்ணூற்று எட்டாம் வருடம் ஆடி மாதத்தில், வெள்ளகோவில் செங்கோட்டையன் குடோனில் அது அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக உறைந்தபோது பொற்கொடி அங்கேயே இருந்தாள். செங்கோட்டையன் ஜமுக்காளமும் பெட்ஷீட்டும் நெய்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கிறவர். குடோனின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருந்தார். ஷிப்ட் முடிகிற சமயம். திரையில் மவுஸ் அம்பு நகரவில்லை. பொற்கொடி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். திரை திரும்பி வந்தபோது காலையிலிருந்து ஓடியது அத்தனையும் பூஜ்யமாக நின்றது.

தறி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பாவாத்தாள் என்கிற ஐம்பதைத் தாண்டிய பெண் மட்டும் போகாமல் நின்றாள். தலைமுடியெல்லாம் தறிப்பஞ்சு.

“என்ற தறிக்கும் சைபருங்களா?”

“எல்லாத்துக்கும்தானுங்க அக்கா. மெசின் நின்னுபோச்சுங்க.”

“அது பாட்டுக்கு நிக்கட்டுமுங்க. மேஸ்திரி எழுதிக்குவாரு.”

மேஸ்திரி கருப்புசாமி ஒரு பேனாவோடு வந்து, மனதில் தோன்றிய ஒரு எண்ணை எல்லாத் தறிக்கும் ஒன்றுபோல எழுதினார். பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பழனியாத்தாள் கல்யாணமான புதிதில் மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தவள். ஒரு நாள் முழுதும் ஓடியதை இன்னொருவர் பேனா முடிவு செய்வது எப்படி இருக்கும் என்று அம்மா சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் பூஜ்யங்களே கண் முன் நின்றன.

அடுத்த நாள் அவள் ஸ்ரீனிவாஸிடம் போனாள்.

“சார், இதைய ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாதுங்க. வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துல புதுசா எழுதிப் பாக்கலாமுங்களா?”

“வேறன்னா?”

“லினக்ஸுங்க.”

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் அது இருந்தது. மூன்று மாதமாக அவள் அதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிற வேலையைத் தனியாகவும், டிஸ்கில் எழுதுகிற வேலையைத் தனியாகவும், திரையில் காட்டுகிற வேலையைத் தனியாகவும் ஓடவிடலாம், ஒன்று விழுந்தாலும் மற்றது விழாது என்று அவள் எடுத்துச் சொன்னாள். ஸ்ரீனிவாஸ் முழுதும் கேட்டார். அவர் யார் பேச்சையும் இடையில் வெட்டுகிற ஆளில்லை.

“சும்மா கிடைக்கிறதுக்கு நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாருகிட்டப் போய்க் கேக்கறதுங்க?” என்றார்.

“இப்ப ஆனதுக்கு யாருகிட்டங்க சார் கேட்டோம்?”

ஸ்ரீனிவாஸ் சிரித்தார். ஆனால் மூன்று கம்ப்யூட்டரில் எதையும் அவர் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. எல்லாவற்றிலும் டெலிவரி வேலை இருந்தது. கடைசியில் எழுந்து போய் ஸ்டீல் பீரோவைத் திறந்து, அடித்தட்டில் இருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவருடைய மச்சான் அமெரிக்காவில் இருந்து வந்தபோது விட்டுப்போன லேப்டாப். செங்கல் மாதிரி கனம். பேட்டரி செத்துவிட்டது, கீபோர்டில் ஒரு எழுத்தின் மூடி இல்லை, சி.டி. போட வழியே கிடையாது. உள்ளே பழைய விண்டோஸ் ஒன்று இருந்தது.

“இதைய வெச்சு என்ன வேணாலும் பண்ணிக்குங்க. ஊட்டுக்கு வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. பகல்ல மட்டும் நம்ம வேலை கெடக்கூடாது.”

பொற்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீடு அதே கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள் இருந்தது. அப்பா வெள்ளியங்கிரி சின்ன வயதில் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர். அதை விட்டு டவுனுக்கு வந்து பவுண்டரியில் சேர்ந்து, இன்னமும் அங்கேதான் இருந்தார். மகள் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்து எடை சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் காரியம், அந்த லேப்டாப்பை வேலைக்கு லாயக்காக்குவது. அதில் இருந்த மெமரி எட்டு எம்.பி. லினக்ஸ் அதில் எழுந்து நிற்கும், ஆனால் ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்யச் சொன்னால் படுத்துவிடும். ஹார்ட் டிஸ்கும் சின்னது. காந்திபுரத்தில் திருமூர்த்தி என்பவர் லேப்டாப் பழுது பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் லேப்டாப் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். திருமூர்த்தி பெரும்பாலும் மானிட்டர்களைத்தான் பழுது பார்த்தார்.

அவர் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த மாடலுக்குன்னு தனி மெமரிங்க அம்மணி. கடைல விக்கிறது இதுல உக்காராது.”

“எங்கதானுங்க கெடைக்கும்?”

“பெங்களூர்ல எவனாச்சும் வெச்சிருப்பான். இல்லாட்டி இதே மாதிரி ஒண்ணு செத்துக் கிடந்தா அதுல கழட்டலாம்.”

செத்த லேப்டாப் ஒன்று கிடைக்க மூன்று வாரம் ஆனது. யாரோ ஒரு டாக்டருடையது, காபி கொட்டிப் போனது. திருமூர்த்தி அதிலிருந்த மெமரியைக் கழற்றி, பழைய பல் பிரஷால் துடைத்து, இதில் செருகினார். முதல் தடவை திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மறுபடி செருகினார். மூன்றாம் தடவை, இருபத்து நாலு எம்.பி. என்று எண்ணிக் காட்டியது. ஹார்ட் டிஸ்க் புதிதாக வாங்கினார்கள். இரண்டு ஜி.பி. ஆனால் லேப்டாப் பழசாகையால் அதில் கால்வாசியைத்தான் பார்த்தது. மீதி இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

“வித்த கடைல குடுத்து மாத்திச் சின்னதா வாங்கிக்கறீங்களா?” என்றார் திருமூர்த்தி.

“வேண்டாங்க. லினக்ஸ் முழுசும் பாத்துக்கும்னு போட்டிருக்குதுங்க.”

“எதுலங்க?”

“படிச்சதுலங்க.”

திருமூர்த்தி அவளை நம்பினமாதிரி தெரியவில்லை. திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தார்.

சி.டி. போட வழி இல்லாததால் எல்லாவற்றையும் பிளாப்பி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தச் சி.டி.யைப் போட்டு, தேவையானதை மட்டும் பிரித்துப் பிரித்து பிளாப்பிகளில் ஏற்றினாள். ஒரு ஷூ பெட்டி நிரம்பியது. ஆபீஸில் மற்ற இருவரும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளையல் விற்கப்போவதாகக் கேலி செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். டிரைவ் கரகரவென்று ஒவ்வொரு பிளாப்பியாகத் தின்றது. பாதி தாண்டியதும் ஒரு பிளாப்பி மக்கர் செய்தது. படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. வெளியே எடுத்து, உதறி, மறுபடி போட்டாள். அதே பதில். ஆபீஸ் பூட்டியிருந்தது, சாவி ஸ்ரீனிவாஸ் வீட்டில். அப்படியே நிறுத்திவிட்டுத் திங்கள்கிழமை அதை மறுபடி ஏற்றி வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலில் இருந்து தொடங்கினாள். இந்த முறை வேறொரு பிளாப்பி மக்கர் செய்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானச் சோற்றுக்கு முன்பே முடிந்துவிட்டது.

டிஸ்க் முழுவதையும் அது பார்த்தது. பொற்கொடி அந்த எண்ணை இரண்டு தரம் படித்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரி வரியாக ஓடி, கடைசியில் பெயர் கேட்டு நின்றது. வேறு படமோ கலரோ எதுவும் இல்லை. வெள்ளியங்கிரி தோளில் துண்டோடு பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“கெட்டுப்போச்சா கண்ணு?”

“இல்லீங்கப்பா. சரியாயிருச்சு.”

“படத்தையே காணமே.”

“படம் வேண்டாமுங்கப்பா இதுக்கு.”

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த இரண்டு மாதம் காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் புரோகிராமை எழுதினாள். மூடி இல்லாத அந்த எழுத்தை அமுக்கினால் விரல் நுனி வலிக்கும். ஸ்ரீனிவாஸ் எழுதிய பழைய புரோகிராமை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அது நல்ல கை. எங்கே எதற்காக எதைச் செய்தார் என்பது படித்தால் விளங்கியது. கூட்டல் கழித்தலை எல்லாம் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டு, அடித்தளத்தை மட்டும் மாற்றினாள். அவளாக ஒரு கம்பியைத் தட்டித் தட்டிப் பொய்யாகப் பிக் அனுப்பிப் பார்த்தபோது ஒன்றுகூடத் தவறவில்லை. வேண்டுமென்றே திரைப் புரோகிராமை விழச் செய்தாள். எண்ணுகிற புரோகிராம் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் ஓட்டிக் காட்டியபோது ஸ்ரீனிவாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். பழைய கணக்குப் பகுதி அப்படியே இருப்பதையும் கண்டுகொண்டார்.

“என்றத முழுசா தூக்கிப்போடலைங்க போலிருக்கு.”

“அது நல்லா இருந்துச்சுங்க சார்.”

“அப்புறம் என்ன, வெள்ளகோவில்ல வெச்சுப் பாருங்க” என்றார். அன்று சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார்.

கார்த்திகை மாதம் கரூர் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பொற்கொடி போய் இறங்கினாள். கண்ணாடித் தடுப்புக்குள் பழைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்து, டப்பாக்களில் இருந்து வரும் ஒயரை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தாள். ஒரு வாரம் இரண்டும் ஓடட்டும், ஒப்பிட்டுப் பார்ப்போம் என்பது ஏற்பாடு. செங்கோட்டையன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, புதுசு கொண்டாரேன்னு சொல்லிப்போட்டு இத்தனை பழசைக் கொண்டாந்திருக்கீங்க?”

“பெட்டிதானுங்க பழசு. உள்ளார புதுசுங்க.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. தறிகளின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, குடோனில் ஆட்கள் பேசுவது கேட்டது. பேட்டரி செத்த லேப்டாப்பும் அணைந்துவிட்டது. கரண்ட் வந்து அது மறுபடி எழும்போது, டிஸ்கைச் சோதிக்க வேண்டும் என்று பாதியில் நின்றுகொண்டு ஏதேதோ கேட்டது. செங்கோட்டையனும் கருப்புசாமியும் இரண்டு பக்கமும் நிற்க, பொற்கொடி ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று அடித்துக்கொண்டே போனாள். கடைசியில் தறிக் கணக்கு வந்து நின்றது. கரண்ட் போகும் வரை ஓடிய பிக் அத்தனையும் அதில் இருந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் பூஜ்யம்.

செங்கோட்டையன் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, இருக்கட்டும்” என்றார்.

வாரம் முழுக்க லேப்டாப் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு யு.பி.எஸ். வாங்கி வைத்தபின் கரண்ட் போனாலும் அணையவில்லை. செங்கோட்டையன் பழைய கம்ப்யூட்டரைப் பில் போடுவதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, இந்தப் பெட்டியே இங்கே இருக்கட்டும் என்று கேட்டார். ஸ்ரீனிவாஸ் யோசிக்காமல் கொடுத்துவிட்டார். கணபதிக்குத் திரும்பியபோது பொற்கொடியின் தோளில் சாப்பாட்டுப் பை மட்டும்தான் இருந்தது. ஆபீஸில் அவளுக்கென்று ஒரு புதுக் கம்ப்யூட்டர் வருவதாகப் பேச்சு அடிபட்டது.

தை பிறந்தபின் ஒரு நாள், அறிக்கையில் சின்ன மாற்றம் ஒன்று வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பொற்கொடி போனாள். வேலை முடிந்து வெளியே வந்தபோது பாவாத்தாள் குடோன் சுவரோரம் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொற்கொடி அவளாகவே போய்ப் பேச்சுக் கொடுத்தாள். உள்ளூர ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

“இப்பெல்லாம் சைபர் வாரதில்லீங்களே அக்கா?”

“இல்லீங்க கண்ணு. ஓடினது ஓடினபடி வருது.”

“அப்ப நல்லதுதானுங்களே.”

பாவாத்தாள் தூக்குப்போசியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

“எனக்கு இப்பக் கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. நூல் அறுந்தா இழை எடுத்து முடிய நேரமாவுது. சின்னப் புள்ளைங்க ரெண்டு தறிய ஓட்டி உடற நேரத்துல நான் ஒண்ணு. மெசினு நின்னா மேஸ்திரி எல்லாத்துக்கும் ஒரே கணக்கா எழுதுவாரு. அதுல எனக்கு ஓடாததும் ஓடினதா வரும். வாரத்துல ரெண்டு நாளாச்சும் அது நிக்கும். இப்பத்தான் நிக்கறதே இல்லியே.”

பொற்கொடி கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களைச் சொல்லலீங்க” என்றாள் பாவாத்தாள். “நீங்க உங்க வேலையச் செஞ்சுபோட்டீங்க.”

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொற்கொடி திரும்பக் கண்ணாடித் தடுப்புக்குள் போனாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பாவாத்தாளின் தறிகளைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். நின்ற நேரம் அதிகம்தான். ஆனால் எதனால் நின்றது என்று புரோகிராமுக்குத் தெரியாது. நூல் அறுந்து நின்றதும், தறியைப் பழுது பார்க்கிற பிட்டர் வரட்டும் என்று காத்து நின்றதும், தீர்ந்துபோன பாவு நூலை மாற்ற ஆள் இல்லாமல் நின்றதும் அதற்கு ஒன்றேதான். அப்படித்தான் ஸ்ரீனிவாஸ் எழுதியிருந்தார், அப்படியேதான் அவளும் எடுத்துக்கொண்டிருந்தாள். குடோனுக்குள் எட்டிப் பார்த்தால் அந்த நேரத்திலேயே இரண்டு தறிகள் பிட்டருக்காக நின்றுகொண்டிருந்தன. பிட்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

திங்கள்கிழமை அவள் ஸ்ரீனிவாஸிடம் சொன்னாள். தறிக்கு ஒரு பொத்தான் வைக்க வேண்டும். பிட்டருக்காகவோ பாவுக்காகவோ நின்றால் தறி ஓட்டுகிறவர் அதை அமுக்கலாம். அந்த நேரத்தைத் தனியாகப் பிரித்து, பிட்டர் கணக்கில் போட்டுவிடலாம்.

“பார்ட்டி கேட்டாருங்களா?”

“இல்லீங்க சார்.”

“கேக்காததைச் செஞ்சு குடுத்தா அப்புறம் எல்லாத்தையும் அப்படியே எதிர்பாப்பாங்க. அதுவுமில்லாம, அவங்க சும்மா சும்மா அமுக்கினா?”

“பிட்டர் வந்து அவரும் ஒண்ணு அமுக்கணும்னு வெச்சுக்கலாமுங்க. ரெண்டும் சேந்தாத்தான் கணக்குன்னு.”

“இதுனால கூலிதான் கூடும். செங்கோட்டையன் எதுக்குங்க ஒத்துக்குவாரு?”

பொற்கொடிக்கும் அது தெரியும். இரண்டு நாள் யோசித்து, கூலிப் பேச்சையே எடுக்காமல் செங்கோட்டையனுக்குப் போன் செய்தாள். தறிகள் நிற்கிற நேரத்தில் எவ்வளவு பிட்டரால் நிற்கிறது, எவ்வளவு பாவு இல்லாமல் நிற்கிறது என்று பிரித்துக் காட்டினால் அவருக்கு உபயோகப்படுமா என்று கேட்டாள்.

“பிட்டர் எங்க போறான், எத்தனை நேரம் போறான்னு தெரியுமுங்களா அதுல?”

“தெரியுமுங்க.”

“அப்ப நாளைக்கே வந்து வெச்சுக் குடுங்க.”

நாளைக்கே முடியவில்லை. பொத்தான்கள் செய்து, ஒயர் இழுத்து, புரோகிராமில் சேர்த்து முடிக்க மாசி ஆகிவிட்டது. முதல் வார அறிக்கையைப் பார்த்துச் செங்கோட்டையன் இன்னொரு பிட்டரை வேலைக்கு எடுத்தார். பிட்டருக்காக நின்ற நேரத்தைத் தறி ஓட்டுகிறவர் கணக்கில் இருந்து கழிக்கவும் கருப்புசாமி ஒத்துக்கொண்டார். பாதி நேரத்தை மட்டும்தான். மீதிக்கு அவர் சொன்ன காரணம் பொற்கொடிக்கு விளங்கவில்லை.

பாவாத்தாளின் தறிகளில் அப்போது வேறு யாரோ இருந்தார்கள். விசாரித்ததில், பொங்கல் கழிந்து சில நாளிலேயே நின்றுவிட்டாள் என்றார்கள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. வேறு குடோனுக்குப் போய்விட்டாளாம்.

அந்த வருடம் ‘தறிக்கணக்கு’ புதிய வடிவில் நன்றாக விற்றது. ஸ்ரீனிவாஸ் எல்லாருக்கும் லினக்ஸ் பற்றி ரொம்ப நாளாகத் தெரிந்தவர் போலப் பேச ஆரம்பித்தார். மில்லில் இருந்து அவருடைய அப்பா ஒரு நாள் ஆபீஸுக்கு வந்து, பேக்கரி வாசத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த மாதம் மில்லிலும் கம்ப்யூட்டர் போடுவது பற்றிக் கேட்டு அனுப்பினார். பொற்கொடிக்குச் சொன்னபடி புதுக் கம்ப்யூட்டர் வந்தது. வெளியூர் போகிற வேலையும் அவளிடமே இருந்தது.

இதெல்லாம் நடக்கும் முன்பே, அந்த மாசிக் கடைசியில் அவள் மறுபடி வெள்ளகோவில் போனாள். இந்த முறை செங்கோட்டையனிடம் இல்லை. முத்தூர் ரோட்டில் அவருடைய பங்காளி ஒருவர் குடோனில் ஒயர் எப்படிப் போடுவது என்று அளந்து பார்க்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மஞ்சப் பையோடு பாவாத்தாள் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

“நல்லா இருக்கீங்களா கண்ணு?”

“நல்லா இருக்கேனுங்க அக்கா. நீங்க போனப்புறம் அங்க பொத்தான் வெச்சோமுங்க. பிட்டர் வராம நின்னா அது உங்க கணக்குல வராது.”

“சொன்னாங்க.”

“திரும்பிப் போகலாமுங்களே.”

“போற எடத்துல பழகிருச்சுங்க. அங்க பேனாதான், மெசினு இல்லை.” பாவாத்தாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?”

பொற்கொடி பஸ் வருகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“முத்தூர் ரோட்டுக்குங்க அக்கா.”

பாவாத்தாள் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கையில் இருந்த அளவு டேப்பைப் பார்த்தாள்.

“எங்க குடோனுக்குங்களா?”

“ஆமாங்க.”

டவுன் பஸ் வந்து திரும்பி நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். பொற்கொடி அங்கேயே நின்றாள்.

“அங்கயும் பொத்தான் வெப்பேனுங்க” என்றாள். “அவரு கேக்காட்டியும் வெப்பேன். மொதல்லயே வெச்சிர்றேன்.”

“எப்ப வரும் அந்த மெசினு?”

“பங்குனிக்குள்ளங்க.”

“அப்ப பங்குனி வரைக்கும் பேனா இருக்குது” என்றாள் பாவாத்தாள். முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் மஞ்சப் பையை வைத்து, பொற்கொடிக்கு இடம் பிடித்தாள்.